முதல் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் கொடுக்க ஆரம்பித்ததும் ஜெயம் எழுந்து வெளியே போய்விடுவாள். திண்டிவனம் மாதா கோயிலில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாமியார் நற்கருணைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பீடத்தை விட்டு இறங்குவார், ஜனங்கள் வரிசை கட்டுவார்கள், பாட்டுக்காரர்கள் பாட்டை எடுப்பார்கள். ஜெயம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசைக்கு எதிர்த்திசையில் பக்கவாட்டுக் கதவைப் பார்த்து நடப்பாள். புதிதாக மாற்றலாகி வருகிற சாமியார்கள்தான் முதல் இரண்டு வாரம், அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அந்தோணிசாமி காதோடு காதாக விஷயத்தைச் சொல்லிவிடுவார். அப்புறம் அவர்களும் கேட்பதில்லை.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஜெயம் பஞ்சர் கடை சிங்காரத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஞானஸ்நானப் பெயர் ஜெயராக்கினி. சிங்காரத்துக்கோ குலதெய்வம் ஒன்று, இஷ்ட தெய்வம் முருகன். மயிலம் மலைமேல்தான் தாலி ஏறியது. ஜெயத்தின் அப்பா அன்றோடு அவளைத் தலைமுழுகினார். அப்போதிருந்த பங்குச் சாமியார் நல்ல மனிதர்தான். திட்டவில்லை, உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"கோயில்ல மந்திரிக்காத கல்யாணம்மா இது. இப்படியே இருக்கிற வரைக்கும் நீ பூசைக்கு வரலாம், செபம் சொல்லலாம். நன்மை மட்டும் வாங்க முடியாது. ரெண்டு பேரும் ஒருநாள் வாங்க, முறையா மந்திரிச்சு வைக்கிறேன். அவரு மதம் மாறணும்னுகூட இல்ல."

சிங்காரம் உடனே சரி என்றான். அவன் அம்மாதான், மருமகள் பேச்சைக் கேட்டு மாதா கோயில் படி ஏறினால் நாண்டுகொள்வேன் என்று குதித்தாள். கிழவி பத்து வருஷம் இருந்தாள். அவள் போன பிறகு யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்குள் மகள் தமிழ்ச்செல்வி நாலாவது படிக்கிற வயசுக்கு வந்துவிட்டாள். விவரம் தெரிந்த பெண்ணை வைத்துக்கொண்டு கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்பதா என்று ஜெயத்துக்கு வெட்கம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றாள். அந்த அடுத்த வருஷம் பல வருஷமாக வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மதியம், லாரி டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த சிங்காரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே சாய்ந்துவிட்டான். எட்டு வருஷம் ஆகிறது.

அவன் இருந்தவரை ஒரு ஞாயிறு தவறியதில்லை. டிவிஎஸ்ஸில் ஜெயத்தை ஏற்றிக்கொண்டு வந்து கோயில் கேட்டுக்கு வெளியே இறக்கிவிடுவான். உள்ளே வரமாட்டான். கேட்டுக்கு எதிரே ஒரு புங்க மரம், அதன் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பொட்டலத்தில் மல்லாட்டைக் கடலை வாங்கி உடைத்துக்கொண்டு நிற்பான். நன்மை நேரத்தில் ஜெயம் வெளியே வருவதற்கும் அவன் பொட்டலத்தில் பாதியை மிச்சம் வைத்திருப்பதற்கும் சரியாக இருக்கும்.

"இன்னிக்கும் வாங்கலியா?" என்பான்.

"நமக்குத்தான் கெடையாதே."

"என்னாலதான?"

"சும்மா வண்டிய எடு."

பதினெட்டு வருஷமும் இதே நாலு வார்த்தைதான் பேசினார்கள். வண்டி கிளம்பும்போது ஜெயத்தின் நாக்கு தானாக மேலண்ணத்தைத் தடவும். எட்டு வயசில் புதுநன்மை வாங்கினபோது அந்த அப்பம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அப்பமாக வருவது ஆண்டவர், கடிக்கக்கூடாது, கரையட்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் கவுனும் தலையில் காகிதப்பூ முடியுமாக, வாயைத் திறக்காமல், ஆண்டவர் கரைந்து முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு ருசி என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வந்த அந்த நிறைவு பிற்பாடு எந்தக் கல்யாண விருந்திலும் வரவில்லை. வயசு நாற்பத்தெட்டு ஆகியும், கோயில் மணி கேட்டால் நாக்கு இன்னும் அந்த இடத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.

நன்மை இல்லையே தவிர, கோயிலில் அவளுக்கு வேலை உண்டு. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சிஸ்டர் வேறு ஊருக்குப் போனபோது, பதினாலு வருஷத்துக்கு முன், ஜெயம் கேட்டு வாங்கிக்கொண்டது அது. பீடத்துத் துணிகளைத் துவைப்பது. மேசைவிரிப்பு, அங்கி எல்லாம் யார் வேண்டுமானாலும் துவைக்கலாம். சாமியார் திராட்சை இரசக் கிண்ணத்தைத் துடைக்கிற சின்னத் துணிக்கு மட்டும் ஒரு முறை இருக்கிறது. அதில் ஆண்டவருடைய இரத்தம் ஒரு துளி, உடல் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கலாம். அதனால் தனிக் கிண்ணியில் சுத்தத் தண்ணீர் எடுத்து முதலில் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் சோப்பு.

கோயிலுக்குப் பின்னால் குழாயடியை ஒட்டி ஒரு நந்தியாவட்டைச் செடி இருந்தது. திங்கட்கிழமை தோறும் ஜெயம் அதன் வேரில்தான் ஊற்றுவாள். செடி மதமதவென்று வளர்ந்து, ஆள் உயரத்துக்குப் பூத்துக் கொட்டியது. ஜெயத்துக்கு அதன்மேல் பொறாமை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. வாரா வாரம் நீ வாங்கிக்கிற, நான் ஊத்தி உட்டுட்டுப் போறேன் என்று செடியிடமே சொல்லியிருக்கிறாள்.

சிங்காரம் செத்த பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தோணிசாமி வீட்டுக்கு வந்தார். அவருக்கு மனசில் ஒரு கள்ளம் கிடையாது. நல்ல சேதி சொல்லப்போகிற முகத்தோடுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன் ஜெயம். இனிமே ஒனக்குத் தடை இல்ல. ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிட்டு வந்துடு. வாங்கலாம்."

ஜெயம் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"ஏன்ணே, அவரு செத்தாத்தான் எனக்கு வழி தொறக்குமா?"

"அப்படி இல்லம்மா..."

"பின்ன எப்படி? அவரு போனது எனக்கு லாபம்னு சொல்ல வந்தீங்களா? கட்டிக்கினது தப்பு சாமி, மன்னிச்சுடுங்கன்னு நான் போய் மண்டிபோடணுமா? காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அந்தோணிசாமி காப்பி குடிக்காமலே கிளம்பினார். பாவம், அவர் என்ன செய்வார். சட்டப்படி அவர் சொன்னது சரி. சரியான சேதியைச் சொல்லக்கூடாத நாளில் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

அன்றைக்குப் பிடித்த வீம்பு எட்டு வருஷம் நின்றது. தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தோடு அவளுக்குத் தினமும் வழக்கு. யார் வீட்டுப் பிளவுசுக்கோ கை ஏற்றிக்கொண்டே, கால் மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள். "நடுவுல நின்னவரைத் தூக்கிக்கினே. இப்ப நடுவுல யாரும் இல்ல, வா வான்னா நான் வந்துடுவனா? வரமாட்டேன் போ." ஆண்டவர் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். வராமலும் அவளால் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முதல் ஆளாகப் போய் உட்கார்வாள். நன்மை நேரத்தில் வெளியே வந்து, வண்டி நிற்காத புங்க மரத்தடியில் நிற்பாள். உள்ளே பாட்டுக் கேட்கும். பசித்தவள் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரிதான் அவள் நின்றாள். ஆனால் அவளை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

இந்த வருஷம், உபவாசம் இருக்கிற தவக்காலத்தில்தான் காரியம் கெட்டது. திருவிழாவுக்கு முன் கோயில் வளாகம் முழுக்க பேவர் பிளாக் பதிப்பதென்று பங்குப் பேரவை தீர்மானம் போட்டது. ஒரு திங்கட்கிழமை காலை ஜெயம் கிண்ணியில் சின்னத் துணியை அலசி, முதல் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பினால் செடி இல்லை. நந்தியாவட்டை நின்ற இடத்தில் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்து, இடுக்கில் மணல் தூவிக் கூட்டிவிட்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கைப்பிடி மண் வெளியே தெரியவில்லை.

கிண்ணியோடு கோயிலை ஒரு சுற்று சுற்றினாள். தொட்டிச் செடிகூட இல்லை. தெருவில், புங்க மரத்தடியில் ஊற்றலாமென்றால் ஆயிரம் கால் மிதிக்கிற இடம். சாக்கடை கிட்டத்தான் இருந்தது, அந்தப் பக்கம் பார்க்கவே உடம்பு கூசியது. அந்தோணிசாமி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தார். குழாயடியிலேயே வந்து நின்றாள். கிண்ணியைப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் யார் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது.

யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

அப்புறம்தான் செய்தது உறைத்தது. மீதித் துணியை எப்படித் துவைத்தாள், எப்படி வீடு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. இருதய ஆண்டவர் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பின்பக்கமாகப் போய்த் திருடிவிட்டாளே. அன்றைக்குப் பூராவும் ஒரு பிளவுசும் முடியவில்லை. ஒரு கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

திருட்டு என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் திண்டிவனத்தில் எந்தச் சாமியாரிடம் சொல்வது? நாளைக்கே முகத்தைப் பார்க்க வேண்டும். வெட்கப்படுகிற பாவத்தை எல்லாம் வேற்றூரில் போய் இறக்கிவைப்பது கிறிஸ்தவர்கள் வழக்கம்தான். வெள்ளிக்கிழமை காலையில், மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலம் போகிற ரோடு அங்கேதான் பிரிகிறது. மஞ்சள் புடவையும் மாலையுமாக ஒரு கல்யாணப் பெண் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். ஜெயம் அந்த ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சிங்காரம் அன்றைக்கு இரவல் பட்டுச் சட்டை போட்டிருந்தான். கைமடிப்பில் ஒரு பொட்டு கிரீஸ் எப்படியோ ஒட்டியிருந்தது. நான் இதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கமாட்டேன், திருட்டுக்கு மட்டுந்தான் கேப்பேன் என்று தனக்குள் ஒருமுறை சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

விழுப்புரம் கோயிலில் சிலுவைப்பாதைக்கு முன்னால் பாவசங்கீர்த்தன வரிசை நீண்டிருந்தது. ஜெயத்தின் முறை வந்தது. முழந்தாளிட்டாள். ஓட்டை போட்ட மரப்பலகைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியவில்லை. குரல் இளசாக இருந்தது. சாமியாருக்கு ஜலதோஷம்.

"கடைசியா எப்பம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தி. இருபத்தாறு வருஷம் ஆவுது சாமி."

நாற்காலி கிறீச்சிட்டது.

"பரவாயில்ல. வந்துட்டீங்கல்ல? சொல்லுங்க."

"திருடிட்டேன் சாமி."

"என்ன திருடினீங்க?"

"ஆண்டவரை."

நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு சாமியார் குரலைத் தாழ்த்தி, "சுரூபச் சிலையாம்மா? எந்தக் கோயில்ல?" என்றார்.

"சுரூபத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்? ஆண்டவரைத்தான் சாமி. குடிச்சிட்டேன்."

அதற்குமேல் முழுக்கதையும் சொல்லித்தான் தீரவேண்டியிருந்தது. சின்னத் துணி, முதல் தண்ணீர், நந்தியாவட்டை, பேவர் பிளாக். சாமியார் நடுவில் இரண்டுமுறை தும்மினார். ஒருமுறை தும்மலா சிரிப்பா என்று ஜெயத்துக்குச் சந்தேகமாக இருந்தது.

"அம்மா, அது திருட்டு இல்ல. மண்ணு இல்லாத எடத்துல அதைக் குடிச்சிடலாம், தப்பே இல்ல. பூசையில கிண்ணம் கழுவின தண்ணிய நாங்க குடிக்கிறோமே, பாத்ததில்லையா?"

ஜெயம் பார்த்ததில்லை. கிண்ணம் கழுவுவது நன்மை கொடுத்த பிறகு. இருபத்தாறு வருஷமாக அந்த நேரத்தில் அவள் புங்க மரத்தடியில் நின்றிருக்கிறாள்.

"அப்ப நான் திருடலியா?" அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "ஆனா நான் எடமில்லாததுக்காகக் குடிக்கல சாமி. ஆசைப்பட்டுக் குடிச்சேன்."

"அவ்வளவு ஆசை இருந்தா நன்மை வாங்கலாமே?"

அதற்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சிங்காரத்தின் பெயரைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. எட்டு வருஷமாகப் படத்திடம் போட்ட சண்டை முழுவதும் பலகை ஓட்டை வழியாகப் போனது.

"அவரு தவறினதால எனக்குத் தடை இல்லியாம். எல்லாரும் சொல்றாங்க. அவரு செத்துத் தொறந்த வழி எனக்கு வேணாம் சாமி. அவரு தங்கமான மனுஷன். கட்டிக்கினதுக்கு வருத்தப்படுறேன்னு என் வாயால வராது. அதை உட்டுட்டு வேற எதுக்கு வேணும்னாலும் மன்னிப்புக் கேக்குறேன்."

வரிசையில் யாரோ நேரமாகிறது என்று தெரிவிப்பதற்காக இருமினார்கள்.

"அவரை நேசிச்சதுக்கு வருத்தப்படச் சொல்லி நான் கேக்கலையே" என்றார் சாமியார் மெதுவாக. "ஆண்டவரும் கேக்கமாட்டாரு. உங்க மனசுல எது உறுத்துதோ அதைச் சொல்லுங்க."

ஜெயம் வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். வந்தது வேறு.

"வெளியவே நிக்க வச்சிட்டேன் சாமி."

"யாரை?"

"அவரைத்தான். பதினெட்டு வருஷம். மந்திரிச்சிக்கலாம் வான்னு அவருதான் கூப்புட்டாரு. மாமியா போன பெறகும் நாந்தான் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு தள்ளினேன். ஊரு சிரிக்கும்னு வெக்கப்பட்டேன். நீ வாங்காதது என்னாலதானன்னு ஞாயித்துக்கெழம தவறாம கேப்பாரு. இல்ல, என்னாலதான்னு ஒரு நாள் நான் சொல்லல சாமி. சும்மா வண்டிய எடுன்னேன். அந்த மனுஷன் தன்னாலதான்னே நெனச்சிக்கினு செத்துப்பூட்டாரு."

அழுகை வெடித்துவிட்டது. கோயில் முழுக்கக் கேட்கிற அழுகை. வரிசையில் இருந்தவர்கள் இருமலை நிறுத்திக்கொண்டார்கள்.

"அவரு இப்பவும் வெளியதான் நிக்கிறாரு. நான் மட்டும் உள்ள போயி எப்படி வாங்குவேன்?"

"அவரை ஆண்டவர் வெளிய விட்டுட்டாருன்னு யாரும்மா சொன்னது?"

"எனக்குத் தெரியாது சாமி."

"எனக்கும் எல்லாம் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு மனுஷன் பதினெட்டு வருஷம், ஒரு ஞாயிறு தவறாம, தன் சம்சாரத்தை என் வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு வெயில்ல நின்னா, நானே போய்ப் பக்கத்துல நின்னு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பேன். ஆண்டவர் என்னைவிட மோசமாவா இருப்பாரு?"

ஜெயம் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"தள்ளிப்போட்டதுக்கும் சொல்லாம விட்டதுக்கும் மனஸ்தாபப்படுறீங்கதானே? அதுபோதும். அபராதமா ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரை உங்களுக்குத் தந்ததுக்கு நன்றியா அதைச் சொல்லுங்க."

"ஒண்ணா? இருபத்தாறு வருஷத்துக்கு ஒண்ணு பத்துமா சாமி?"

"பத்தும்."

"செபமாலை ஒண்ணு முழுசா வேணும்னா..."

"ஒண்ணும்மா. பொறுமையா சொல்லுங்க" என்று சொல்லி, தும்மலை அடக்கிக்கொண்டு, சாமியார் பாவமன்னிப்பை ஓதினார்.

அன்று மகள் வீட்டில் ஜெயம் மூன்று தடவை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டாள். "இன்னாம்மா, தவக்காலத்து வெள்ளிக்கெழம இந்தச் சாப்பாடு?" என்றாள் தமிழ்ச்செல்வி. "சுத்த சைவந்தானடி, போடு" என்றாள் ஜெயம்.

ஆனால் அந்த ஒரு மந்திரம்தான் வரமாட்டேன் என்றது. கோயிலிலேயே ஆரம்பித்தாள், பரலோகத்து அப்பனைக் கூப்பிடும் முதல் வரியோடு நின்றுபோனது. திரும்பும்போது பஸ்ஸில் ஆரம்பித்தாள், கூட்டேரிப்பட்டில் கண்டக்டர் சில்லறைக்கு வந்து நின்றார். வீட்டில் படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். நன்றி என்று சொல்லிவிட்டால் சிங்காரத்தை நிஜமாகவே ஒப்படைத்த மாதிரி ஆகிவிடுமே என்று எழுந்துவிட்டாள். சனிக்கிழமை கோயிலில் குருத்தோலை கிழிக்கப் போனபோது அந்தோணிசாமி அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குழாயடியில் இரண்டு கல்லைப் பேர்த்து எடுத்து, ஒரு முழத்துக்கு மண்ணைக் கொத்தி வைத்திருந்தார். "செடிய வெட்டுறப்ப நான் இல்லம்மா. மண்ணுக்கு இது பத்துமா பாரு" என்றார். எட்டு வருஷம் கழித்து ஜெயம் அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

குருத்து ஞாயிறு. கோயில் நிரம்பி வழிந்தது. எல்லார் கையிலும் ஓலை. ஃபாதர் ஆரோக்கியராஜ் நற்கருணைப் பாத்திரத்தோடு இறங்கினார், அப்பம் விழுந்தால் தாங்குகிற தட்டை ஏந்திக்கொண்டு அந்தோணிசாமி பக்கத்தில் வந்து நின்றார், பாட்டு ஆரம்பித்தது. ஜெயத்தின் கால் பழகின வழியிலேயே போனது. பக்கவாட்டுக் கதவுவரை வந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும், கேட்டுக்கு அப்பால் புங்க மரம் தெரியும். புதுத் துளிர் விட்டு, கீழே நிழல் விழுந்து, யாரும் இல்லாமல் நின்றது.

இன்னிக்கும் வாங்கலியா என்று கேட்கிற நேரம் இது.

ஜெயம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனால் அவனை மறுபடியும் தனியாக விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. வெளியே போனால் இன்னொரு வாரம், இன்னொரு வருஷம், அதே அடுத்த வருஷம். அப்போதுதான் விழுப்புரம் சாமியார் சொன்ன டீ ஞாபகம் வந்தது. மரத்தடியில் இரண்டு பேர் நின்று டீ குடிக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க முடிந்தது. சிங்காரம் ஆண்டவருக்கும் மல்லாட்டை நீட்டியிருப்பான், யாராக இருந்தாலும் நீட்டுகிறவன்தானே. ஜெயம் நிலையை விட்டுக் கையை எடுத்து, திரும்பி, வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. முன்னால் நின்ற பெண் ஒதுங்கினாள். அந்தோணிசாமி யாரென்று நிமிர்ந்து பார்த்தார், கையில் தட்டு ஆடியது. ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பதிலுக்கு ஜெயம் ஆமென் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வரவில்லை. உதடு அசைந்ததே தவிர சத்தம் இல்லை. ஃபாதர் காத்திருந்தார். பாட்டு முடிந்து, ஆர்மோனியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சொல்லும்மா" என்று அந்தோணிசாமி கிசுகிசுத்தார். ஜெயம் தலையை ஆட்டினாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. ஃபாதர் அதற்குமேல் காக்கவைக்காமல் அப்பத்தை அவள் நாக்கில் வைத்தார்.

அது நேரே போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இடத்துக்குப் போய் முழந்தாளிட வேண்டியவள் நேராகப் பக்கவாட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள். பார்த்தவர்கள், இந்த அம்மாவுக்கு வாங்கினாலும் வெளியே போகிற வியாதியா என்று நினைத்திருப்பார்கள். வாயைத் திறக்காமல், கடிக்காமல், புதுக் கல்லில் செருப்பில்லாத கால் சுட, வளாகத்தைக் கடந்து கேட்டைத் தாண்டிப் புங்க மரத்தடியில் போய் நின்றாள். டிவிஎஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். ஓலையை மரத்தில் சாத்தினாள்.

வாங்கிட்டேன்யா, என்று மனசுக்குள் சொன்னாள். ஒன்னால இல்ல, என்னாலதான் இத்தினி நாளு.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு மந்திரத்தை ஆரம்பித்தாள். இப்போது முதல் வரியில் நிற்கவில்லை. சாமியார் சொன்ன மாதிரி பொறுமையாகவே சொன்னாள். அன்றாட அப்பம் கேட்கிற இடம் வந்தபோது அப்பம் வாயில் பாதி கரைந்திருந்தது. மன்னிப்புக் கேட்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, மேலே போனாள். அவனைத் தந்ததுக்கு நன்றி என்றாள். சொன்ன பிறகும் சிங்காரம் எங்கேயும் போய்விடவில்லை. கடைசிச் சொல் வந்தபோது வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆமென்" என்றாள் வாய்விட்டு.

"ஜெயம்! ஏ ஜெயம்!" அந்தோணிசாமி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவரை ஓடிவந்துவிட்டார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது, குரலில் மட்டும் அதட்டல். "இன்னும் பூசை முடியலம்மா. கடைசி ஆசீர்வாதம் குடுக்கப்போறாங்க, ஜல்தியா உள்ள வா."

கடைசி ஆசீர்வாதம் வாங்கியும் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஜெயம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாத்திவைத்த ஓலையை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, உள்ளே போனாள்.